கோடை விழா நடக்கும் மாதத்தில் உதவித்தொகை முகாமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் மே மாதப் பிற்பகுதியில் ஏற்காட்டில் கோடை விழா நடக்கிறது. அண்ணா பூங்காவில் தோட்டக்கலைத் துறை மலர்க் கண்காட்சி வைக்கிறது. மற்றத் துறைகளும் அரங்கு போடுகின்றன. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சேலத்திலிருந்து அலுவலர்கள் அத்தனை பேரும் மேலே வந்துவிடுகிறார்கள். அதே மே மாதத் தொடக்கத்தில்தான் பிளஸ் டூ தேர்வு முடிவும் வெளியாகிறது. ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரி திறந்துவிடுகிறது. கோடை விழாவுக்காக மலையேறி வரும் நிர்வாகம், அதே வாரத்தில் கல்லூரி உதவித்தொகைக்கான முகாமையும் இங்கே நடத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஒண்டிக்கடைப் பக்கத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம் என்று மே முதல் ஆகஸ்ட் வரை என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோர்களும்தான். நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை ஊராட்சிகளின் உள்கிராமங்களிலிருந்து வருகிறார்கள். அநேகமாக எல்லோரும் இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரள மலையாளிகள் அல்லர்). அப்பாவும் அம்மாவும் காபி எஸ்டேட்டில் வேலை செய்வார்கள், அல்லது ஒன்றிரண்டு ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருப்பார்கள். நானும் அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிப் போய் பி.காம். படித்தவள்தான். அதனால் இந்தப் பிள்ளைகள் என் மேசைக்கு முன்னால் நிற்கும்போது அவர்களை வெறும் விண்ணப்ப எண்ணாக என்னால் பார்க்க முடிவதில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் எங்கள் மலையில் கண்ணெதிரே மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்து படிப்பை முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் பெறுகிறாள். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமணத்துக்குத் தந்த உதவியைப் படிப்புக்கு என்று மாற்றியது மிகச் சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து. 2024 ஆகஸ்டில் ஆண் மாணவர்களுக்கு இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப்பெண் திட்டத்தை விரிவாக்கினார்கள். பழங்குடி மாணவர்களுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தரும் உதவித்தொகை தனியாக இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. சட்டமும் அரசாணையும் பணமும் இருக்கின்றன. மாரமங்கலத்துக்கு அப்பால் இருக்கிற ஒரு பெண்ணின் கைக்கு அது வந்து சேரும் வழிதான் அறுந்து அறுந்து கிடக்கிறது.

எங்கே அறுகிறது என்று சொல்கிறேன்.

முதலில் வங்கிக் கணக்கு. உதவித்தொகை கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரைப் பார்த்து வருகிறது. ஒருவருடைய ஆதாருக்கு என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பை நடத்தும் தேசிய நிறுவனம்) பதிவில் எந்த வங்கி கடைசியாக இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்த வங்கிக்குத்தான் பணம் போகும். வங்கியில் கேட்டால் "ஆதார் கொடுத்துவிட்டீர்கள், எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். கணக்கில் ஆதாரைச் சேர்ப்பது ஒன்று, மானியம் பெறுவதற்கு என்பிசிஐ பதிவில் இணைப்பது வேறொன்று. இதைப் பதினேழு வயதுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பள்ளியில் படிக்கும்போது எடுத்த கணக்கில் இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லையென்றால் அது முடங்கிவிடுகிறது. பதினெட்டு வயது நிறைந்ததும் புதிதாகக் கையெழுத்தும் ஆவணங்களும் கொடுக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் சேலத்தில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. படித்தாள். முதலாண்டில் சில மாதங்கள் வந்த ஆயிரம் ரூபாய் பிறகு நின்றுவிட்டது. கல்லூரியில் கேட்டாள், "நாங்கள் யுமிஸ் என்ற அரசின் கல்லூரி மாணவர் விவரத் தளத்தில் ஏற்றிவிட்டோம்" என்றார்கள். வங்கியில் கேட்டாள், "எங்களுக்கு வரவில்லை" என்றார்கள். அம்மாவின் கம்மலை அடகு வைத்து அந்தப் பருவத்தை ஓட்டினார்கள். விடுமுறைக்கு மேலே வந்தபோது என்னிடம் வந்தாள். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால், வேறொரு வங்கியின் பெயர் இருந்தது. தீபாவளி சமயத்தில் ஒரு துணிக்கடையில் பகுதி நேர வேலைக்குப் போனபோது, சம்பளத்துக்காக எடுத்த கணக்கு அது. ஆதார் கொடுத்ததும் இணைப்பு அங்கே மாறியிருக்கிறது. அவளுடைய பணம் முழுவதும் மாதந்தவறாமல் அந்தக் கணக்கில் போய் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு பாஸ்புக் கூட அவளிடம் இல்லை. அரசு கொடுத்தது, வங்கி வாங்கிக்கொண்டது, எல்லோருடைய பதிவேட்டிலும் எல்லாம் சரியாக இருந்தது. கம்மல் மட்டும் அடகுக் கடையில் இருந்தது. நகரத்துப் பிள்ளை என்றால் மறுநாளே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கும். இவளுக்குச் சொல்ல ஆளில்லை.

அந்த வங்கி இணைப்பு நிலையைப் பார்ப்பதற்கும் ஓடிபி வேண்டும். அது ஆதாரில் பதிந்த கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன்பு அப்பா வைத்திருந்த எண்ணாக அது இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் அந்த எண் இப்போது எந்த ஊரில் யாரிடம் இருக்கிறதோ. எண் இருந்தாலும், கைப்பேசியை அப்பா எஸ்டேட்டுக்கு எடுத்துப் போயிருப்பார், அங்கே டவர் கிடைக்காது. ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். ஊரிலிருந்து பஸ் பிடித்து என் மையம் வரை வந்த தாய், அன்றைய கூலியையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒரே நாளில் இரண்டு பஸ்தான் போகும் ஊர்களும் இங்கே உண்டு.

பெயர்க் குளறுபடியும் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பாவின் பெயரே முழுதாக. பதினைந்து வயதில் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. செய்யாதவர்கள் இங்கே ஏராளம். இவையெல்லாம் ஒரு முகாமில், ஒரு நாளில் சரிசெய்துவிடக்கூடியவை. கல்லூரி திறந்த பிறகு, வகுப்பை விட்டுவிட்டு அலைந்து சரிசெய்வதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

ஏன் மே மாதம் என்று அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மலையில் காபிப் பழம் பறிப்பது நவம்பர் தொடங்கி தை மாதம் வரை. மிளகு அதற்குப் பின்னால். எங்கள் வீடுகளில் கொஞ்சம் காசு புரள்வது அந்த மாதங்களில்தான். ஜூன், ஜூலையில் எஸ்டேட்டில் வேலை நாளும் குறைவு, கையிருப்பும் கரைந்திருக்கும். கல்லூரி கட்டணம் கேட்பதோ சரியாக அப்போதுதான். உதவித்தொகை டிசம்பரிலோ அதற்குப் பிறகோ வந்தால், ஜூனில் வாங்கிய கடனுக்கு வட்டியாகத்தான் அதில் ஒரு பகுதி போகும். முதல் தவணை கட்ட முடியாமல் சில பெண்கள் "அஞ்சல் வழியில் படித்துக்கொள்கிறேன் அக்கா" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்குப் புதுமைப்பெண் திட்டம் கிடையாது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு உரிமை உள்ள பெண், தொடக்கத்தில் ஒரு தொகை இல்லாததால் அந்த உரிமையையே இழந்துவிடுகிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

அரசுப் பணியாளர்கள் மேலே வராத அந்த இடைவெளியில் வேறு சிலர் வருகிறார்கள். தேர்வு முடிவு வந்த வாரமே, தனியார் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் கிராமம் கிராமமாக ஏறுகிறார்கள். "அசல் சான்றிதழைக் கொடுங்கள், விடுதி இலவசம், எல்லா உதவித்தொகையும் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று சொல்லி மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். 7.5 விழுக்காடு இடமும், முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் அரசு நடத்தும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு மே மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பதிவுக்கான நாட்கள் முடிந்த பிறகுதான் பெற்றோர் என்னிடம் வந்து "முதல் பட்டதாரிச் சான்றிதழ் எடுத்துத் தாருங்கள்" என்கிறார்கள். 60 ரூபாய் கட்டணத்தில் அந்தச் சான்றிதழை நான் விண்ணப்பித்துக் கொடுத்துவிடலாம். ஆனால், நேரடியாகச் சேர்ந்த இடத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பது பற்றிய 2012-ஆம் ஆண்டின் அரசாணை எண் 92 என்ற ஒன்று இருப்பதையே கேள்விப்படாத பெற்றோர்களிடம், "பணம் கட்டினால்தான் தேர்வு நுழைவுச்சீட்டு" என்று சொன்ன கல்லூரியும் உண்டு.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியை அரசு நடத்துகிறது, நல்ல நிகழ்ச்சி. அங்கே போய் வந்த பிள்ளைகள் தெளிவாகப் பேசுகிறார்கள். ஆனால், கீழே நகரத்து அரங்கத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கு உள்கிராமத்துப் பிள்ளை வருவதற்கு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏற்காடு வந்து, இன்னொரு பஸ்ஸில் சேலம் இறங்கி, மாலைக்குள் திரும்பியாக வேண்டும். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப வீட்டில் யோசிப்பார்கள். துணைக்கு ஒருவர் போனால் ஒரு நாள் கூலி போகும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கோடை விழா வாரத்தில் அண்ணா பூங்காவையொட்டி ஒரு பந்தல் போதும். வருவாய்த் துறையிலிருந்து சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர், வங்கிகளிலிருந்து கணக்கையும் என்பிசிஐ இணைப்பையும் அங்கேயே சரிபார்க்கக்கூடியவர், ஆதார் புதுப்பிக்கும் கருவியுடன் ஒருவர், பழங்குடியினர் நலத் துறையிலிருந்து ஒருவர், கலந்தாய்வு பற்றித் தெரிந்த ஓர் ஆசிரியர் ஆகியோர் அங்கே உட்கார வேண்டும். விழா முடிந்ததும் இதே குழு நாகலூருக்கும் மாரமங்கலத்துக்கும் வெள்ளக்கடைக்கும் ஒவ்வொரு நாள் போக வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியது என்பதால், அதற்கான விசாரணையைப் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே, பள்ளியிலேயே முடித்துவிட வேண்டும். யாருக்கெல்லாம் சான்றிதழ் இல்லை என்ற பட்டியல் பள்ளித் தலைமையாசிரியரிடம் இருக்கும், கேட்டால் கொடுப்பார்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உதவித்தொகை நின்றுபோன மாணவியிடம் "அனுப்பிவிட்டோம்" என்று வாயால் சொல்லாமல், எந்தத் தேதியில் பணம் அனுப்பப்பட்டது, எந்த வங்கிக்குப் போனது, திரும்பியிருந்தால் என்ன காரணம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால், மீதியை என்னைப் போன்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவோம்.

முகாம் நடத்த ஆள் போதவில்லை என்றால், ஏற்காட்டில் இ-சேவை மையம் வைத்திருப்பவர்களைக் கூப்பிடுங்கள். என் மடிக்கணினியையும் அச்சு இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு எந்தக் கிராமத்துக்கும் வருகிறேன், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் ஒரு பெண்,
ஒண்டிக்கடை, ஏற்காடு.