கட்டுப்பாடுகளை அறிவிக்கும் முன் அவைக்கு வாருங்கள்

நாட்டை ஆளும் தலைவர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

கொரோனா காலத்தில் என் பெரியம்மா காலமானபோது, இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி நடைமுறையில் இருந்தது. வாசலில் நின்ற காவலர் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணியபடி ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். நான் 21-ஆவது ஆள். “ஏன் சார் இருபது?” என்று கேட்டேன். “மேலிடத்து உத்தரவும்மா, வேறெதுவும் எனக்குத் தெரியாது” என்றார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அவர் கண்களில் அதிகாரம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. அவர்மீது எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அந்த விதியே கூடாது என்று வாதாடவும் நான் இதை எழுதவில்லை. கூட்டத்தில் நோய் பரவும் என்பது எனக்கும் தெரியும். என் கேள்விக்கான விடையை அந்தக் காவலரிடம் ஒருவரும் சொல்லி அனுப்பியிருக்கவில்லை என்பதே என் மனக்குறை. அதைச் சொல்ல வேண்டிய இடம் நாடாளுமன்றம். சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளை ஆதரித்து அவையில் பேசுவது எளிதல்ல என்பதை அறிவேன். இன்று தொற்றிய நோய் சில நாட்கள் கழித்தே வெளியே தெரிகிறது. மருத்துவமனைப் படுக்கை நிரம்பவும் உயிரிழப்பு கூடவும் இன்னும் சில வாரங்கள் ஆகின்றன. வாரந்தோறும் இரட்டிப்பாகும் தொற்றில் 100 பேர் நான்கே வாரங்களில் 1,600 பேராகிறார்கள். ஆகவே, படுக்கைகள் காலியாக இருக்கும்போதே கடைகளை மூடச் சொல்ல வேண்டிய நிலை தலைவருக்கு வருகிறது. கட்டுப்பாடு பலித்துவிட்டால், “ஒன்றும் நடக்கவில்லையே, எதற்காக எங்களை அடைத்து வைத்தீர்கள்?” என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இந்தச் சிக்கலை மக்களுக்கு விளக்க, எதிர்க் கேள்வியே இல்லாத தொலைக்காட்சி உரை போதாது. மறுப்பவர்கள் எதிரே அமர்ந்திருக்கும் அவைதான் அதற்கு ஏற்ற இடம்.

2020 டிசம்பர் 9-ஆம் தேதி ஜெர்மனியின் நாடாளுமன்றத்தில் அப்போதைய ஆட்சித் தலைவர் (சான்சலர்) ஆங்கெலா மெர்க்கல் ஆற்றிய உரையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிதிநிலை அறிக்கை மீதான விவாதம் அது. நிதானமாகப் பேசுபவர் என்று பெயர்பெற்ற அவர், அன்று குரலை உயர்த்தி, கைகளைக் கூப்பிக் கெஞ்சுவதுபோலப் பேசினார். அந்நாளில் பதிவான உயிரிழப்பு 590. பண்டிகைக் காலத்தில் தெருவோரம் சூடான திராட்சை மதுவும் வாஃபிளும் விற்கும் கடைகளை மக்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பது தனக்குத் தெரியும், அதற்காக மனதார வருந்துகிறேன், ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை நாளொன்றுக்கு 590 உயிர் என்றால் ஏற்க முடியாது என்றார். தாத்தா பாட்டியோடு கொண்டாடும் கடைசிக் கிறிஸ்துமஸாக இது ஆகிவிட்டால் நாம் கடமை தவறியவர்களாவோம் என்றும் சொன்னார். அறிவியலைப் பற்றிப் பேசியபோது எதிர்வரிசையிலிருந்து கூச்சல் எழுந்தது. அதற்கு அவர், கிழக்கு ஜெர்மனியில் தான் இயற்பியல் படிக்கத் தேர்ந்தெடுத்த காரணத்தையே பதிலாகத் தந்தார்: பலவற்றைச் செல்லாததாக்கலாம், புவியீர்ப்பையும் ஒளியின் வேகத்தையும் அப்படிச் செய்ய முடியாது.

தடுக்கப்படுவது இன்னது, அதனால் மக்கள் இழப்பது இன்னது, தடுக்காவிட்டால் போவது இன்னது என மூன்றையும் ஒரே மூச்சில், குறுக்கே பேசுபவர்களின் முகத்தைப் பார்த்து அவர் சொன்னார். இழப்பை அவர் சிறிதாக்கிக் காட்டவில்லை. கட்டுப்பாட்டை ஆதரிக்கும் பல தலைவர்கள் தவறுவது இங்கேதான். மக்கள் இழப்பதைப் பற்றிப் பேசினால் தங்கள் வாதம் வலுவிழந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. நான் இழந்ததை ஒருவர் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டால்தான், அவர் கேட்கும் தியாகத்தைப் பற்றி யோசிக்கவே எனக்கு மனம் வருகிறது.

அதே மெர்க்கல் தவறியதும் உண்டு. 2021 மார்ச்சில், மாநில முதல்வர்களோடு நள்ளிரவு தாண்டியும் நீண்ட கூட்டத்துக்குப் பின், ஈஸ்டரையொட்டிக் கூடுதல் முடக்க நாட்கள் அறிவிக்கப்பட்டன. நடைமுறைக்கு ஒத்துவராது என்று தெரிந்ததும், மார்ச் 24 அன்று அந்த முடிவைத் திரும்பப் பெற்றார். தவறு முழுக்கத் தன்னுடையது என்று சொல்லி நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றும் அதையே சொன்னார். மூடிய அறையில் எடுத்த முடிவு ஒரே நாளில் குலைந்தது. அடுத்த மாதம் இரவு ஊரடங்கு உள்ளிட்ட கட்டுப்பாடுகள் சட்ட முன்வரைவாக அவைக்கு வந்தன. ஒரு மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஏழு நாட்களில் 100-க்கு மேல் தொற்று என்ற நிலை மூன்று நாட்கள் தொடர்ந்தால் அந்தக் கட்டுப்பாடுகள் அங்கே நடைமுறைக்கு வரும். ஜூன் 30-இல் காலாவதியாகும். எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவே மெர்க்கல் அதை ஆதரித்துப் பேசினார். ஏப்ரல் 21 அன்று 342 பேர் ஆதரிக்க, 250 பேர் எதிர்க்க, 64 பேர் வாக்களிப்பதைத் தவிர்க்க, அது நிறைவேறியது. அந்த ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றமும் அதன் முக்கியப் பிரிவுகளை ஏற்றது. எந்த எண்ணைத் தாண்டினால் தொடங்கும், எந்தத் தேதியில் முடியும் என்பது சட்டத்திலேயே இருந்ததால், அதை வெறுத்தவர்களும் தாங்கள் எதை வெறுக்கிறோம் என்பதைத் தெளிவாகத் தெரிந்து வெறுக்க முடிந்தது.

அவசரத்தில் விவாதத்துக்கு ஏது நேரம் என்று கேட்பீர்கள். 2020 மார்ச் 25 அன்று ஜெர்மனியின் நாடாளுமன்றம் ஒரே நாளில் கூடி, பேசி, வாக்களித்தது. நேரம் இருந்தும் அவையைத் தவிர்த்த கதைகளும் நமக்குத் தெரியும். பிரிட்டனில் 2020 மார்ச் 23 இரவு அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் அறிவித்த முடக்கத்தின் விதிகள் மார்ச் 26-இல் நடைமுறைக்கு வந்தன. மக்களவை அவற்றை விவாதித்தது மே 4-இல். செப்டம்பர் இறுதியில் அவைத் தலைவர் லிண்ட்சே ஹாயில், அரசு அவையை அவமதிப்பதாக வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். அதன் பிறகு நவம்பர் 4 அன்று, இரண்டாம் முடக்கம் தொடங்குவதற்கு முதல் நாளே, 516-க்கு 38 என்ற கணக்கில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவில் 2020 மார்ச் 23 அன்று நாடாளுமன்றம் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்ட முழு ஊரடங்கு நான்கு மணி நேரத்தில் தொடங்கியது. செப்டம்பரில் அவை மீண்டும் கூடியபோது கேள்வி நேரமே இல்லை. ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று எழுத்தில் கேட்டதற்கு, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்று அரசு பதிலளித்தது. ஊரடங்குக்கு முன்பே அவையில் ஒருவர் எழுந்து “நடந்து போகப்போகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு?” என்று கேட்டிருந்தால் பேருந்துகள் வந்திருக்கும் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி பதிவாகியிருக்கும்; பதில் சொல்லவேண்டிய ஒருவரும் இருந்திருப்பார்.

எதிர்வரிசையில் அமர்பவர்களே, உங்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நோயே இல்லை என்று கூச்சலிடுவது உங்கள் வேலையல்ல. எதற்காக 20, ஏன் 30 இல்லை. எந்தக் கணக்கில் வந்தது. தினக்கூலிக்காரருக்கு அன்றைய சோறு எங்கிருந்து வரும். எந்த நாளில் இது முடியும் என்று விடாமல் கேளுங்கள். அவையில் சொல்லும் சொல்லுக்குக் கணக்குக் கேட்கலாம் என்பதை மறவாதீர்கள்: முடக்கக் காலத்தில் தன் அலுவலகத்தில் நடந்த விருந்துகளைப் பற்றி ஜான்சன் அவையைத் தெரிந்தே தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் பிரிட்டன் மக்களவைக் குழுவே முடிவு சொன்னது.

அடுத்த பெருந்தொற்று எப்போது வந்தாலும், உத்தரவு அச்சாகும் முன் தலைவர் அவைக்கு வரட்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அதன் காரணமும் முடியும் தேதியும் இருக்கட்டும், வாக்கெடுப்பு நடக்கட்டும். பிறகு அந்தக் காரணத்தை எளிய வார்த்தைகளில் எழுதி, வாசலில் தாளோடு நிற்கப்போகும் காவலரின் கையிலும் கொடுத்து அனுப்புங்கள். என்னைப்போல் வெளியே நிற்கப்போகிறவர் முதலில் கேட்பது அவரிடம்தான்.

மரியாதையுடன்,
ஒரு வாக்காளர்