மே மாதம் ஊருக்குப் போகும் மகனுக்கு

குரோம்பேட்டை,
சென்னை.

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளி லீவில் புனேயிலிருந்து வந்து, கவிதாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மன்னார்குடிக்குத் தாத்தா, அப்பாயியிடம் பத்து நாள் போய் இருக்கப்போவதாகச் சொன்னாய். சந்தோஷம். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் எழுதுகிறேன். அந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கும் எண்பது தாண்டிவிட்டது. நீங்கள் நாலு பேர் போய் இறங்கினால் அங்கே ஆறு பேருக்கு உலை வைக்க வேண்டும். உங்களுக்கு லீவு, அப்பாயிக்கு இரட்டை வேலை என்று ஆகிவிடக் கூடாது. இதில் எழுதியிருப்பதில் முக்கால்வாசி அதற்காகத்தான்.

டிக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். முன்பதிவு இப்போது 60 நாள்தான், பழைய 120 இல்லை. மே 10 இரவு ஏறுவதென்றால் மார்ச் 11 காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும். கோடை லீவில் மன்னை எக்ஸ்பிரஸ் சீக்கிரம் நிரம்பிவிடும். உன் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை இப்போதே முடித்து வை. அது இல்லாமல் பதிவு திறக்கும் முதல் நாளிலும் தட்காலிலும் ஒன்றும் செய்ய முடியாது. பெரியவளுக்கு ஒன்பது வயது, படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். சின்னவனுக்கு ஐந்து ஆகவில்லை, டிக்கெட் வேண்டாம், ஆனால் படுக்கையும் கிடையாது. கவிதாவோடுதான் படுக்க வேண்டும் என்பதால் அவளுக்குக் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்கு. இங்கிருந்து எழும்பூர் போவது வீண், தாம்பரத்திலேயே ஏறிக்கொள்ளலாம். ஆனால் பதிவு செய்யும்போதே ஏறுமிடம் தாம்பரம் என்று போட்டுவிடு. எழும்பூர் என்று போட்டுவிட்டு தாம்பரத்தில் போய் நின்றால், ஆள் வரவில்லை என்று டி.டி.ஆர். படுக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். டிக்கெட் கிடைக்காவிட்டால் கிளாம்பாக்கத்திலிருந்து பஸ் இருக்கிறது. சின்னவனை வைத்துக்கொண்டு பகல் பஸ்ஸில் மட்டும் போகாதே.

புறப்படுவதற்கு முன் அந்த வீட்டில் ஆக வேண்டியவை சில உண்டு. இரண்டு பேர் சமைக்கும் வீட்டில் ஒரு சிலிண்டர் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடும். ஆறு பேருக்கு வெந்நீர், பலகாரம் என்று போனால் நீங்கள் இருக்கும்போதே தீர்ந்துவிடும். மாற்று சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று ஏப்ரல் கடைசியிலேயே கேட்டுக்கொள். பாத்திரம் தேய்க்க வரும் அம்மா காலையில் மட்டும்தான் வருகிறார். அந்தப் பத்து நாளும் சாயங்காலமும் வரச் சொல்லி, சம்பளத்தை நீயே பேசிக் கொடுத்துவிடு. அப்பாயியைக் கேட்டால் "எதுக்குடா, நான் பாத்துக்கறேன்" என்பார். கேட்காதே, ஏற்பாட்டைச் செய்துவிட்டுச் சொல்.

அதற்காக அடுப்படியை முழுசாகப் பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம், அது அவரை வருத்தப்படுத்தும். மத்தியானச் சாப்பாடு அவர் கையாலேயே இருக்கட்டும். அவரைக் களைப்படைய வைப்பது சமையல் அல்ல. தண்ணீர்க் குடம் தூக்குவது, தேங்காய் துருவுவது, கிரைண்டர் கல்லைக் கழுவுவது, சோறு வடிக்கும் பானையைச் சாய்ப்பது, இதெல்லாம்தான். அவற்றை நீயும் கவிதாவும் எடுத்துக்கொண்டால் போதும். இட்லி மாவையும் நீயே அரை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மே மாத வெக்கையில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். குளிர்காலக் கணக்கில் மத்தியானமே அரைத்து இரவு முழுக்க வெளியே வைத்தால் காலையில் இட்லி புளிக்கும். சாயங்காலம் அரைத்து, படுக்கப் போகும்போது பார்த்து, பொங்கியிருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு.

அந்த வீட்டின் கடிகாரம் வேறு. நாலரைக்கு எழுந்து, பன்னிரண்டுக்குச் சாப்பிட்டு, மூன்று வரை படுத்து, இரவு எட்டரைக்கு விளக்கணைப்பார்கள். பிள்ளைகளின் நேரத்தை அதற்கு மாற்று, அவர்களுடையதை இதற்கு மாற்றாதே. கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை இருக்கும், நீங்கள் போவது அதன் நடுவில். பதினொன்றிலிருந்து நாலு வரை யாரும் வாசலைத் தாண்ட வேண்டாம். பல்லாங்குழியும் தாயக்கட்டமும் பரணில் இருக்கின்றன, இறக்கித் துடைத்து வை. புளியங்கொட்டைக்கு அப்பாயியிடம் பஞ்சமே இல்லை.

குளியலைப் பற்றி. பெரியவள் ஆற்றில் குளிக்க வேண்டும் என்கிறாளாம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல்தான் திறப்பார்கள், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். நீங்கள் போகும்போது பாமணியாற்றில் மணல்தான் இருக்கும், வாய்க்கால் வெடித்துக் கிடக்கும். கோடை மழை பெய்து எங்காவது தண்ணீர் தேங்கியிருந்தால் அதில் இறங்க விடாதே, மணல் எடுத்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று மேலே தெரியாது. பம்புசெட்தான் சரி. மும்முனை மின்சாரம் வரும் நேரம் எது என்று தாத்தாவுக்குத் தெரியும், கேட்டுக்கொண்டு காலையில் போங்கள். போனதும் முதலில் தொட்டியின் தரையையும் விளிம்பையும் தேங்காய் நாரால் தேய்த்துப் பாசியை எடு. வழுக்கி மண்டை உடைவது அங்கேதான். தண்ணீர் பெரியவளுக்கு இடுப்பளவு என்றால் சின்னவனுக்கு மார்பைத் தாண்டும். அவனை வெளியே நிறுத்தி வாளியில் அள்ளி ஊற்று, அழுதால் அழட்டும். குழாய் கொட்டும் இடத்தில் நேராக முகத்தைக் காட்டக் கூடாது, அந்த வேகம் பிள்ளைகளைத் தள்ளிவிடும். மோட்டார் கொட்டகைக்குள் யாரும் போகக் கூடாது. ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருந்தால் கரண்ட் போய் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுவது பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நுங்கு அப்போது நன்றாகக் கிடைக்கும். வெட்டும்போது கட்டை விரலை அழுத்தினால் உள்ளே போகிற பதத்தில் உள்ளதை மட்டும் கொடு. முற்றியது கடினமாக இருக்கும், பிள்ளைகளுக்கு வயிற்றை வலிக்கும். வெட்டிய அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். நுங்கு எடுத்த வெறும் காயைத் தூக்கிப் போடாமல் தாத்தாவிடம் கொடுத்து நுங்கு வண்டி செய்யச் சொல். ஒரே அளவில் இரண்டு, நடுவில் ஒரு முழ நீளக் குச்சி, தள்ளுவதற்கு நுனியில் கவை உள்ள மூன்று நாலடிக் கம்பு. குச்சி ஓட்டையில் இறுக்கமாக நிற்க வேண்டும், கவைக்குள் தளர்வாகச் சுற்ற வேண்டும். இதை மாற்றிச் செய்தால் வண்டி ஓடாது, இழுபடும். அளவில் பெரியதும் சின்னதுமாகக் கோத்தால் ஒரு பக்கமாகவே வளைந்து போகும். இரண்டு மூன்று நாளில் காய்ந்து சுருங்கிக் குச்சி கழன்றுவிடும், அப்போது புதிதாகச் செய்ய வேண்டியதுதான். உட்கார்ந்த இடத்தில் தாத்தாவால் செய்யக்கூடிய வேலை இது, அவர் கையில் அரிவாள் இன்னும் நடுங்குவதில்லை.

அப்பாயியோடு செய்ய வேண்டியது கூழ் வற்றல். வருடா வருடம் போடுவார், இந்த இரண்டு வருடமாகக் கிண்ட முடியாமல் விட்டுவிட்டார். கிண்டுவது உன் வேலை. ஒரு கிலோவுக்கு மேல் ஆசைப்படாதே. பச்சரிசி ஒரு கிலோவை மூன்று மணி நேரம் ஊறவைத்து மையாக அரைத்துக்கொள். ஜவ்வரிசி 150 கிராமை இரவே தனியாக ஊறவை. அரைக்க ஊற்றியதையும் சேர்த்து அரிசி ஒரு பங்குக்குத் தண்ணீர் நாலு பங்கு, இது அச்சில் பிழிவதற்கு. கரண்டியால் ஊற்றுவதென்றால் ஆறு பங்கு வரை போகலாம். தண்ணீர் கொதித்ததும் ஜவ்வரிசியைப் போட்டு, அது கண்ணாடி போல் ஆனபின் மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். பச்சை மிளகாய் 100 கிராம், சீரகம், பெருங்காயம், உப்பு எல்லாவற்றையும் அரைத்துச் சேர். கூழை ருசி பார்க்கும்போது உப்புக் குறைவாகத் தெரிய வேண்டும். காய்ந்தபின் அதே உப்பு தூக்கலாகிவிடும், முதல் தடவை போடுகிறவர்கள் எல்லாரும் கோட்டை விடுவது இதில்தான். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாமல், கூழ் பளபளவென்று வந்ததும் இறக்கி எலுமிச்சை பிழி. அரைவேக்காட்டில் இறக்கினால் காயும்போது வெடித்து நொறுங்கும், பொரித்தால் பொரியாமல் பல்லை உடைக்கும்.

அடுப்பை விடியற்காலை நாலரைக்குப் பற்றவைத்தால் ஆறரைக்கு மாடியில் பிழிய ஆரம்பிக்கலாம். ஏழரைக்கு மேல் தரை சுடும். அப்பாயியை மாடி ஏற்றாதே. முதல் ஈடு இரண்டைக் கீழேயே தாம்பாளத்தில் பிழிந்து காட்டி, பதம் சரியா என்று கேட்டுக்கொண்டு போ. கூழ் சூடாக இருக்கும்போதுதான் பிழிய வரும், ஆனால் சூட்டில் அச்சுக் கையைச் சுடும், துணி சுற்றிக்கொள். பெரியவள் பிழியலாம், கிண்டும்போது மட்டும் பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது, கொதிக்கிற கூழ் தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்துக்கொள். சாயங்காலம் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வற்றல் உரிந்து வரும். மறுநாளும் அதற்கு மறுநாளும் திருப்பிப் போட்டுக் காயவைத்து, ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். காலையில் கிழக்கே மேகம் கட்டியிருந்தால் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்காதே. காக்கை விரட்டச் சின்னவனை ஒரு கம்போடு நிழலில் உட்காரவை, அரை மணி நேரம் தாங்குவான்.

இரவில் பிள்ளைகளைத் தரையில் படுக்கவைக்க வேண்டாம். காற்றுக்காகத் திண்ணையில் பாய் போடத் தோன்றும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடித்த வலியே பல சமயம் தெரியாது. கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகிப் படுக்கவை. கொல்லைப்பக்கம் போக டார்ச், காலில் செருப்பு, காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுவது. எதாவது ஆகிவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் கிடையாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போ. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், ஒரு லிட்டர் என்றால் முழு லிட்டர். டம்ளரில் பாதியைக் கரைத்துக் கொடுப்பது கெடுதல். பொட்டலம் கையில் இல்லையென்றால் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் சர்க்கரை தலைதட்டி ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். தாத்தாவின் பிரஷர் மாத்திரையில் சிறுநீர் போகவைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. வெயிலில் அவருக்குத் தலைசுற்றல் வந்தால் அலட்சியப்படுத்தாதே, டாக்டருக்குப் போன் செய்.

ஊர் சுற்றுவதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். வடுவூர் ஏரியில் பறவைகள் நவம்பருக்கு மேல்தான், மே மாதம் போனால் வெறும் ஏரி. திருவாரூர் தேரும் பங்குனியோடு முடிந்திருக்கும். ஒருநாள் காலை ஆறரைக்கு ராஜகோபால சுவாமி கோயிலுக்குப் போய், ஹரித்ராநதி தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒன்பதுக்குள் திரும்பிவிடு. அதற்கு மேல் பிரகாரக் கல்லில் பிள்ளைகளால் கால் வைக்க முடியாது. தாத்தாவையும் கூப்பிடு. வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே.

உனக்குச் சில கைவேலைகள். பின்கட்டுக் குழாயில் வாஷர் போய்விட்டது. கழிவறையில் கைப்பிடி ஒன்று போட வேண்டும், கீழே உட்காரும் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், டைல்ஸைத் துளைத்து ஆங்கர் போல்ட்டோடு. பசை போட்டு ஒட்டுவது வாங்காதே, பிடித்து எழும்போது கையோடு வந்துவிடும். மருந்து டப்பாவைக் கொட்டித் தேதி முடிந்தவற்றை எடுத்துவிடு. இனிப்பு வாங்கிப் போகாதே, இரண்டு பேருக்கும் சர்க்கரை. நல்ல டார்ச் ஒன்றும் இரண்டு பருத்தி வேட்டியும் போதும்.

திரும்பும்போது அரிசி, எள், வற்றல் என்று கட்டிக் கொடுப்பார்கள். கனம் என்று வேண்டாம் சொல்லாதே. தாம்பரத்தில் நான் வண்டியோடு நிற்கிறேன், புனே விமானத்துக்கு எது ஏறுமோ அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இங்கே வைத்துவிட்டுப் போ. நடுவில் ஒருநாள் இங்கே தங்குகிற மாதிரி டிக்கெட் போடு. அம்மா அதைத்தான் முதலில் எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா