மாங்காயின் மூக்கு திரும்பிய குயில்ட்டைப் பற்றி

அன்புள்ள கமலா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. பேத்திக்காகத் தைத்துவரும் குயில்ட்டில், அதாவது உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையில், நீ பசையால் ஒட்டிய மாங்காய் வடிவத் துணித் துண்டுகளின் மூக்கு எதிர்ப்பக்கம் வளைந்துவிட்டதென்றும், ஓரங்களில் பசை திட்டுத் திட்டாகப் பளபளக்கிறதென்றும், அந்தக் கட்டங்களை வெட்டி எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். தயவுசெய்து கத்தரிக்கோலைத் தொடாதே. அது உன் அம்மாவின் சுங்குடிச் சேலை. வேறெந்தத் துணியும் அதற்கு ஈடாகாது.

இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் அந்தப் பசை, சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும் பிளாஸ்டிக் வகை. ஒட்டவைத்த வெப்பமே அதைப் பிரிக்கவும் செய்யும். ஆறிய நிலையில் பிடித்து இழுத்தால், பசை விடுவதற்கு முன் பழைய பருத்தி இழைதான் அறும். மாங்காயின் மேல் சிலிக்கான் பூசிய பேக்கிங் தாளை விரித்து, பெட்டியைத் தேய்க்காமல் 10 விநாடி அழுத்தி வை. எடுத்தவுடன் நுனியை இடுக்கியால் பிடித்து, மேலே தூக்காமல், துணியை ஒட்டியவாறே பின்னோக்கி மெல்ல இழு. சூடு சரியாக இருந்தால் பசை கம்பிப் பாகு போல இழைவிட்டு நீளும். அடித்துணி சேர்ந்து இழுபட்டால் ஆறிவிட்டதென்று பொருள், மறுபடி சூடாக்கு.

தங்கிய பசைக்கு, பழைய வேட்டித் துண்டை அதன்மேல் வைத்து அழுத்தி, சூடாக இருக்கும்போதே உரித்தெடு. ஒவ்வொரு முறையும் துண்டின் புது இடம் படவேண்டும். அதற்கும் போகாததை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒற்றலாம். ஆனால் சுங்குடியின் சாயம் கசியக்கூடுமாதலால், முதலில் உள்மடிப்பில் ஓரிடத்தில் சோதித்துப் பார். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை நான் பரிந்துரைக்கமாட்டேன். பக்கத்தில் அசிட்டேட் கலந்த துணி ஏதேனும் இருந்தால் அது கரைந்தே போகும். புதிய மாங்காய் மூடப்போகும் இடத்துப் பசையை மட்டும் அப்படியே விட்டுவிடு. அதைச் சுரண்டுவதால் துணி நலிவதைத் தவிர வேறு பயனில்லை.

மூக்கு திரும்பியதற்குக் காரணம் எளிது. பசைத் தாளின் காகிதப் பக்கத்தில் வரைந்து, துணியின் பின்புறம் ஒட்டி வெட்டும்போது உருவம் இடவலம் மாறிவிடும். ஆகவே வரையும்போதே திருப்பி வரையவேண்டும். பிரித்த மாங்காய்களை வீணாக்காதே. உன் விளிம்பில் நான்கு மூலைகள் உள்ளன. இரண்டில் இவற்றையும், எதிர் இரண்டில் புதியனவற்றையும் வைத்தால் அவை ஒன்றையொன்று நோக்கி அமையும். எனக்கு அதுவே இன்னும் அழகாகத் தோன்றுகிறது.

இங்கே என்னிடம் தையல் கற்க வரும் பெண்களும் இப்போது இந்தப் பசையில்தான் பழகுகிறார்கள். சட்டைக் காலருக்குக் கேன்வாஸ் ஒட்டும்போது பெட்டியை இழுத்து இழுத்துத் தேய்ப்பதால் குமிழ் எழுகிறது. ஈரத்துணி போட்டு அழுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. உன் படத்தில் இரண்டாம் வரிசையிலுள்ள குமிழ்களுக்கும் அதையே செய்துபார். எல்லாம் சரியான பிறகு ஒவ்வொரு மாங்காயைச் சுற்றியும் கையால் காஜா தையல் போட்டுவிடு. பசையை மட்டும் நம்பினால் சில சலவைகளிலேயே ஓரம் எழும்பிவிடும்.

ஒன்றை மட்டும் உடனே எழுது: உள்ளே வைத்திருப்பது பருத்திப் பஞ்சா, பாலியெஸ்டரா? பாலியெஸ்டராயின் பருத்திக்குரிய சூட்டில் அது அமுங்கித் தட்டையாகிவிடும். குறைந்த சூட்டில், கூடுதல் நேரம் எடுத்துச் செய்யவேண்டியிருக்கும். உன் பதில் வரும்வரை பெட்டியைச் சூடாக்க வேண்டாம்.

அன்புடன்,
சரஸ்வதி