கோட்டு தைத்த அப்பா எழுதுவது

சங்கரன்கோவில்,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். கடிதத்தைக் கண்டதும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. ஆச்சி நன்றாக இருக்கிறாள். நேற்றுகூடத் துணி காய்கிற கொடிக்கு வந்த ஆட்டைக் கம்பெடுத்துத் தெருமுனை வரை விரட்டிவிட்டு வந்தாள். போனில் நான் ஒன்று கேட்க, நீ 'ம்' போட, அம்மா நடுவில் பிடுங்கிக்கொள்ள, சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. அதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் மாதம் நம் கடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாததா. பள்ளிக்கூடம் திறந்து பெல் அடித்த பிறகுதான் பாதிப் பேர் யூனிஃபார்ம் துணியையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வந்ததும் நாளைக் காலையில் வேண்டும் என்கிறார்கள். பட்டன் துளைக்குக் காஜா எடுக்க ஆள் இல்லை. அம்மாவே ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து எடுக்கிறாள்.

சரி, சென்னை ஹைகோர்ட்டில் பயிற்சிக்குப் போகிறாயே, ஷூ வாங்கிவிட்டாயா? முன்பக்கம் மூடிய கருப்பு ஷூ. பெல்ட் வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு 'இதுவும் ஷூ மாதிரிதான்பா' என்று சொல்லாதே. கோர்ட்டில் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். நம் கேஸுக்கு வாய்தா வாய்தாவாக ஒன்பது வருஷம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன். நீதிபதி உள்ளே வரும்போது எழுந்து நில். ஹாலை விட்டு வெளியே வரும்போது தலை தாழ்த்திவிட்டு வா. முன்வரிசை நாற்காலி வக்கீல்களுக்கு உரியது, காலியாகக் கிடந்தாலும் உட்காராதே. போனை சைலன்ட்டில் போடாதே, அணைத்தே வை. கட்சிக்காரர் விஷயத்தை ஹாஸ்டலில் வந்து பேசாதே, எங்களிடமும் சொல்லாதே. சீனியர் வருவதற்கு முன்னால் நீ சேம்பரில் இருக்க வேண்டும். மகளிர் இலவச பஸ்தான் வரட்டும் என்று திருவல்லிக்கேணியில் நின்று லேட் ஆக்காதே. காசு போனால் போகிறது, எது முதலில் வருகிறதோ அதில் ஏறு.

போட்டோ வந்தது. சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் நீங்கள் ஆறு பேர் நிற்பது. கடைக்கு வந்த எல்லாரிடமும் காட்டினேன். வக்கீல் குமாஸ்தா அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "1892-ல் கட்டின கட்டடம் அது, உம்ம மக அதுக்குள்ள நிக்கா" என்றார். அம்மாவுக்கு நீ இளைத்துப்போனது மட்டும்தான் தெரிந்தது. துப்பட்டா எங்கே என்று வேறு ஆரம்பித்தாள். துப்பட்டாவோடும் போடலாம், இல்லாமலும் போடலாம் என்று வக்கீல் பெண்களுக்கே பார் கவுன்சில் விதியில் எழுதியிருக்கிறது, நீ சும்மா இரு என்றேன். அண்ணாச்சி சொல்லிக் கொடுத்ததுதான். ஆனாலும் வெள்ளை துப்பட்டா ஒன்று பையில் இருக்கட்டும்.

எனக்குப் போட்டோவில் வேறொன்று தெரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

நீ அங்கே போய்ச் சரியாக ரெண்டு வாரம். ஒரே மூச்சில் நாலு வாரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பதும் விதிதானாமே. அஞ்சு வருஷப் படிப்புக்கு மொத்தம் இருபது வாரம் வேண்டும் என்று நீதான் சொன்னாய். அப்படியென்றால் இந்த நாலு வாரம் உனக்குப் பெரிசு. சம்பளம் இல்லை, ஜெராக்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள், கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு தம்புச் செட்டித் தெருவிலிருந்து கோர்ட்டுக்கும் கோர்ட்டிலிருந்து தெருவுக்கும் நடக்கிறாய். அதெல்லாம் வேலைதான். செய். டீ வாங்கி வரச் சொன்னால் ஒரு நாள் வாங்கிக் கொடு. தினமும் உன்னை மட்டும் அனுப்பினால், பையன்கள் உட்கார்ந்திருக்க உன்னை மட்டும் அனுப்பினால், குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன் சார் என்று சொல்லிப் பார். அதுக்கும் மேலே யாராவது தப்பாக நடந்தால் அந்த நிமிஷமே கிளம்பி வந்துவிடு. பொதிகையில் டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ் ஏறு. சர்டிபிகேட்டைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் சின்னச் சொல்லுக்கெல்லாம் ரோஷப்படாதே. நம் வீட்டு ரோஷம் அது. மதுரை மாஸ்டர் கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். கைலியோடு கஸ்டமர் முன்னால் அளவெடுக்க வராதே, பேன்ட் போட்டுக்கொண்டு வா என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக எட்டாவது மாசம் டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தேன் என்று பெருமையாகத்தான் சொல்வேன். அவர் சொன்னது நாலு பேர் முன்னால், அது தப்பு. பேன்ட் போட்டு வரச் சொன்னது தப்பில்லை. அந்த எட்டு மாசத்தில் காஜாவும், பேன்ட் அடிப்பதும்தான் கைக்கு வந்தது. கோட்டு வெட்டுவது ரெண்டாம் வருஷத்துப் பாடம். கதை சொல்லும்போது இதை விட்டுவிடுவேன்.

உடுப்பு விஷயத்தில் யார் யாரை எங்கே நிறுத்துவார்கள் என்று சொல்லவே முடியாது, தாயி. வேட்டி கட்டி வந்தார் என்று ஒரு ஹைகோர்ட் நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. 2014-ல். அதே வருஷம் சட்டசபையில் சட்டமே வந்தது. நீதிபதிக்கு நடந்தது, சட்டம் வந்தது. உனக்கு ஏதாவது நடந்தால் வாட்சப் ஸ்டேட்டஸ்கூட வராது போலிருக்கிறது. ரெண்டு வாரமாக ஒரே மல்லிகைப் பூ படத்தை வைத்திருக்கிறாய். டெல்லியிலும் 2022-ல் ஒரு வக்கீல் சங்கம், பயிற்சிப் பிள்ளைகள் கருப்புக் கோட்டே போடக்கூடாது, வக்கீலோடு குழப்பம் வருகிறது, நீலக் கோட்டு போடட்டும் என்று தீர்மானம் போட்டதாம். ஹைகோர்ட்தான் அதை நிறுத்தி வைத்ததாம். அங்கே உங்களிடமும் அப்படி ஏதும் சொல்லிவிட்டார்களோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் போட்டோவில் நீ கருப்புக் கோட்டுதான் போட்டிருக்கிறாய்.

அது நான் தைத்ததில்லை.

யாருடையது என்று கேட்க மாட்டேன். தோள் முக்கால் இன்ச் இறங்கியிருக்கிறது, கை பெருவிரல் கணு வரை வந்து மூடுகிறது. ரெடிமேட். உன் உடம்புக்கு எடுத்தது இல்லை, யாரோ இரவல் கொடுத்தது. கொடுத்த பிள்ளை நன்றாக இருக்கட்டும். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் தோளைப் பார்த்தே பிழைக்கிறவன், என் மகள் தோளைப் பார்க்காமல் இருப்பேனா?

முதலில் அந்த வெள்ளைக் கழுத்து பேண்டால்தான் வந்தது வினை என்று நினைத்துக்கொண்டேன். கோட்டோடு மடித்து வைத்துவிட்டேனே, வக்கீல்கள் கட்டுகிற பட்டை. வக்கீலாகப் பதிவு செய்த பிறகுதான் அதைக் கட்ட வேண்டும், பயிற்சிப் பிள்ளை கட்டினால் அதிகப்பிரசங்கித்தனம் என்று அண்ணாச்சி போன வாரம்தான் சொன்னார். நீ அதைக் கட்டிக்கொண்டு போய், யாராவது எல்லார் முன்னாலும் கழற்றச் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் போன் இல்லை என்று ரெண்டு நாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா, "அவளுக்குத் தெரியாதா எதைக் கட்டணும் எதைக் கட்டக்கூடாதுன்னு" என்றாள். அவள் சொல்வதுதான் சரி. உனக்கு அது தெரிந்திருக்கும்.

ஷூவை மறக்காதே. கோட்டை வேர்வையோடு மடித்து வைக்காதே, ஹேங்கரில் போட்டு ஃபேன் காற்றில் விடு. எந்தக் கோட்டாக இருந்தாலும்.

தாயி, துணி விஷயம் என்னோடதுதான்.

புதுமைப்பெண் பணம் மாசம் ஆயிரமாக நாலு மாசம் சேர்த்து, நாலாயிரம் என் கையில் கொடுத்தாய். டெரிவுல் எடுங்கப்பா, ஒரு தடவை தைத்தால் வக்கீலாக என்ரோல் ஆகிற வரைக்கும் வர வேண்டும் என்றாய். நான் எடுத்தது கம்பளி கலந்த அந்த டெரிவுல் இல்லை. மீட்டர் 380 ரூபாய்க்கு மலிவான டி.ஆர். துணி. ரெண்டேகால் மீட்டர். லைனிங், பட்டன் எல்லாம் சேர்த்து ஆயிரத்து முன்னூறு தாண்டவில்லை. மிச்சத்தைக் கடை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். மாசிக்கும் பங்குனிக்கும் நடுவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன், கட்டடக்காரர் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இதை நியாயமாகச் சொல்லவில்லை. நடந்தது இது.

நீ ஊருக்கு வந்தபோது கோட்டை எப்போது காட்டினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி, கடை டியூப்லைட்டில். தொட்டுப் பார், டெரிவுல்தான் என்றேன். அந்தத் துணி டியூப்லைட்டில் நல்ல கருப்பு. வெயிலில் பழுப்படிக்கும். எனக்குத் தெரியும். காலையில் நீ கிளம்பும்வரை அதைப் பையை விட்டு வெளியே எடுக்க விடவில்லை.

தையலிலும் அப்படித்தான். கோட்டின் முன்பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் உள்ளே கேன்வாஸ் வைத்துக் கையால் பிடித்துத் தைக்க வேண்டும். மூணு நாள் வேலை. எனக்கு அது வராது. வராது என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. கடையில் மாட்டியிருக்கிற நீலக் கோட்டுப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் உன் காலர் மடிப்பை வெட்டினேன். கேன்வாஸுக்குப் பதில் உள்ளே ஃபியூசிங் என்கிற பசைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிவிட்டேன். அரை மணி நேரம். நம் ஊர்க் காற்றுக்கு அது தாங்கும். சென்னை வேர்வையிலும் பஸ் நெரிசலிலும் பசை விட்டு, நெஞ்சுப் பக்கம் தோசையில் குமிழ் வருகிற மாதிரி வந்திருக்கும். வந்ததா? மேலே மேலே இஸ்திரி போட்டாயா? போடப் போட இன்னும் கூடும்.

யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அது உனக்குச் சொன்னதில்லை, எனக்குச் சொன்னது.

நேற்று அண்ணாச்சி பார் கவுன்சிலின் 2008 விதியை எடுத்து வாசித்துக் காட்டினார். பயிற்சிப் பிள்ளைகளுக்கு வெள்ளையோ கருப்போ பேன்ட், வெள்ளைச் சட்டை, கருப்பு டை, கருப்புக் கோட்டு, மூடிய கருப்பு ஷூ. எல்லாம் சேர்த்து வாங்க முடியாதவர்களுக்கு வெள்ளை பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும் மூடிய ஷூவும் போதுமாம். விதியே வழி விட்டிருக்கிறது. இது தெரிந்திருந்தால் உன்னிடம் கோட்டே வேண்டாம் என்றிருக்கலாம். இல்லை, பொய் சொல்கிறேன். தெரிந்திருந்தாலும் தைத்திருப்பேன். தாத்தா தோளில் துண்டு போட முடியாத அந்தத் தெருவில் உன்னைக் கோட்டோடு ஒரு தடவை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு. அன்றைக்கு நீ நடந்தாய். கோட்டைக் காட்டின ராத்திரியே, வெளிச்சம் போன பிறகு. அந்த நேரத்தையும் நான்தான் பார்த்து வைத்தேன்.

அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. நீ சொன்னாலும் சரிதான்.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மதுரைக்குப் போய் வந்தேன். இந்த சீசனில் பூட்டினேன் என்று அம்மா இன்னும் பேசவில்லை. விளக்குத்தூண் பக்கம் நாலு கடை ஏறி இறங்கி டெரிவுல் பார்த்தேன். வெட்டித் தைப்பது நான் இல்லை. ராஜபாளையத்தில் கோட்டு மட்டுமே தைக்கிற ஒருவர் இருக்கிறார், கேன்வாஸ் வேலை தெரிந்தவர், பேசிவிட்டேன். காஜா மட்டும் நான் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், சரி என்றார். ஹாஸ்டலில் யாரையாவது உன் தோளை அளக்கச் சொல். கழுத்தின் பின்எலும்பு நடுவிலிருந்து தோள் முனை வரை, மூச்சைப் பிடிக்காமல், கையைத் தொங்கவிட்டு. இளைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னது நிஜம்தான், பழைய அளவு ஆகாது. அளவை வாட்சப்பில் அனுப்பினால் போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம். நேரமிருந்தால் எழுது.

பழைய கோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. வரும்போது கொண்டுவா. கழுத்து பேண்டைப் பெட்டியிலேயே வைத்திரு.

இத்துடன் ஒரு துணித்துண்டை ஊசியால் குத்தி வைத்திருக்கிறேன். கடைக்காரர் கருப்பு என்கிறார், எனக்கும் கருப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் நீ பார்த்த பிறகுதான் துணி வாங்குவேன். மத்தியானம் கோர்ட்டுக்கு வெளியே, நல்ல வெயிலில் பிடித்துப் பார்.

அப்பா