ஜூரோங்கில் இருக்கும் செல்வத்துக்கு

நாச்சியார்கோவில்,
ஆடி 22

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலாம். நீ அனுப்பிய தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஆடிப்பெருக்கன்று அரசலாற்றுப் படித்துறைவரை நடந்தே வந்துவிட்டார்கள். தண்ணீர் நன்றாகப் போகிறது.

மகளைப் பார்க்க ஹாங்காங் போன இடத்தில் ஒரு புகைபோக்கிகூடக் கண்ணில் படவில்லை, பிறகு அந்த ஊருக்கு இவ்வளவு பணம் எப்படி என்று கேட்டிருந்தாய். நாலு நாளாக அதே யோசனைதான்டா. அந்த ஊரையும் உன் சிங்கப்பூரையும் சேர்த்தாலும் நம் தஞ்சாவூர் மாவட்டம் அளவு வராது. இரண்டும் வெள்ளைக்காரன் வளர்த்த துறைமுகம். ஆனால் போன வழி வேறு.

ஹாங்காங்கில் தொழிற்சாலை இல்லாமல் இல்லை. 1949ஐ ஒட்டி ஷாங்காயிலிருந்து வந்த ஆலைக்காரர்கள் அங்கே நூற்பாலை வைத்தார்கள். அப்புறம் பிளாஸ்டிக் பூ, பொம்மை, கைக்கடிகாரம். 1980களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 9 லட்சம் பேர் அந்த வேலையில் இருந்தார்கள். 1980ல் எல்லைக்கு அந்தப் பக்கம் ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. அங்கே கூலி குறைவு, இடம் மலிவு. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக எல்லை தாண்டின, கணக்குப் புத்தகம் மட்டும், அதாவது வியாபாரமும் வங்கியும், இந்தப் பக்கம் தங்கியது. இன்று அந்த ஊர் வருமானத்தில் தொழிற்சாலையின் பங்கு 100க்கு 1 அளவுதான்.

உன் ஊரில் 100க்கு 20 அளவு. 1960ல் ஐ.நா. குழுவோடு வந்த டச்சுப் பொருளாதார நிபுணர் வின்செமியஸ் ஆலோசனை சொன்னார், 1961ல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் வைத்தார்கள், தொழிற்சாலைகளுக்காக ஜூரோங் சதுப்பைத் தூர்த்தார்கள். நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் அசட்டுத்தனம் என்று அன்றைக்குப் பேசினார்களாம். அந்த மண்ணில்தான் 26 வருஷமாக நீ வெல்டிங் பிடிக்கிறாய். ஆனால் உற்பத்தி எண்ணை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. மருந்துத் தொழிற்சாலை ஒன்று வேறு மருந்துக்கு மாறினாலே அந்த மாதக் கணக்கு சடாரென்று ஏறும், இறங்கும். அதனால் மருந்துத் துறையைக் கழித்துவிட்டும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். ஆளை எண்ணினால் கதை இன்னும் மாறும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கோடிக்கணக்கில் சரக்கு வெளியேறும், நிற்கும் ஆள் கொஞ்சம்தான்.

என்னை உறுத்துவது அந்த 9 லட்சம் பேர். ஊர் ஏழையாகவில்லை, சரி. நாற்பது வயதுவரை தையல் இயந்திரத்தில் உட்கார்ந்த பெண் மறுநாள் வங்கியில் போய் உட்கார முடியுமா?

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், போன மாதம் ஒரு வியாபாரி நம் குத்துவிளக்குப் பட்டறைக்கு வந்தார். வெளியூரில் இயந்திரத்தில் வார்த்த விளக்கை லாரியில் இறக்குகிறேன், நீங்கள் மெருகு போட்டு நாச்சியார்கோவில் விளக்கென்று விற்றால் போதும், உலோகம் உருக்கும் மூசை எதற்கு, உலை எதற்கு என்றார். லாபம் கூடத்தான் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை அவர்.

அப்போது சண்முகம் அண்ணன் அச்சுக்கு வண்டல் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு பிடி எடுத்து இறுக்கி, விரலைத் திறந்து பார்த்தார். உள்ளங்கை ரேகை அப்படியே மண்ணில் பதிந்திருந்தது. பதம் வந்தாச்சு என்றார். லாரி சரக்கு வந்துவிட்டால் அந்தக் கைக்கு என்ன வேலை கொடுப்பேன்? அவருக்குப் பிறகு யார் அந்தப் பதம் பார்ப்பது? வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டில் இன்னும் கோபம்தான்.

மகள் வீட்டுக்குக் கேட்ட மூன்றடி விளக்குக்கு வியாழக்கிழமை வார்ப்பு. பீடம், தண்டு, தட்டு எல்லாம் திருகிக் கழற்றலாம், பெட்டியில் அடங்கும். எத்தனை கிலோ விடுவார்கள் என்று மட்டும் கேட்டு எழுது. உச்சியில் அன்னம் வைக்கவா, மயிலா?

உன்,
கணேசன்