விளையாட்டுத் திடல் அமைக்கும் குழுவினருக்கு: தரையை முதலில் முடிவு செய்யுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஊஞ்சல் எங்கே, சறுக்குமரம் எங்கே, ஏறி விளையாடும் கம்பிக்கூண்டு எந்த வண்ணம் என்பதெல்லாம் உங்கள் வரைபடத்தில் இருக்கிறது. தரைக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மிச்சமாகும் பணத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விளையாட்டுத் திடலில் பிள்ளைகளுக்குப் படும் பெரிய காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுவதால் வருபவை. எதன் மேல் விழுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது சிராய்ப்பா, மண்டைக்காயமா என்பது அமைகிறது.

சிமெண்ட், தார் இரண்டையும் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். புல் பலருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஓடியாட அது அருமையான இடம். ஆனால் ஊஞ்சலுக்குக் கீழே கால் தேய்த்துத் தேய்த்துச் சில மாதங்களில் புல் போய்விடும். வெயிலில் இறுகிய மண்தான் மிஞ்சும்.

மணலா, மரச்சீவலா (சிறு மரத்துண்டுகள்), ரப்பரா என்று கேட்பதற்கு முன், பிள்ளை அதிகபட்சம் எந்த உயரத்திலிருந்து விழக்கூடும் என்று கேளுங்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டுக் கணக்குப்படி, 9 அங்குல மணல் 4 அடி உயர வீழ்ச்சி வரைக்கும்தான் தாங்கும். அதே 9 அங்குலம் மரச்சீவல் என்றால் 10 அடி வரை. ஆகவே உயரமான கம்பிக்கூண்டின் கீழ் மணலைக் கொட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. இந்த 9 அங்குலம் அமுங்கிய பிறகு இருக்க வேண்டிய ஆழம். முதலில் 12 அங்குலம் நிரப்பினால்தான் அது நிற்கும். மணலும் கழுவியதாக, உருண்டையான துகள்களாக இருக்கட்டும். களிமண்ணோ கல்தூளோ கலந்திருந்தால் நாலு மழையில் இறுகிவிடும்.

உதிரியாகக் கொட்டும் எதற்கும் ஆள் வேண்டும். ஊஞ்சலின் கீழும் சறுக்குமரம் முடியும் இடத்திலும் பிள்ளைகளின் கால்பட்டே குழி விழும். எங்கே ஆழம் வேண்டுமோ அங்கேதான் அது குறையும். அடிக்கடி வாரிச் சமன் செய்ய வேண்டும், கண்ணாடித் துண்டு, பூனை எச்சம் பார்த்து அகற்ற வேண்டும். அதற்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் எழுத முடியாவிட்டால் மணல் வேண்டாம்.

அப்புறம் ரப்பர் தரை. வாரிச் சமன் செய்யும் வேலை இல்லை, சக்கர நாற்காலி தடையின்றி வரும். மணலில் அந்தப் பிள்ளை ஓரத்திலேயே நிற்க வேண்டியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஆனால் சிமெண்ட் மேல் ஒட்டிய மெல்லிய ரப்பர் டைல், பார்க்க மெத்தென்று இருந்தாலும் தலையைக் காக்காது. எந்த உயரத்துக்குச் சோதித்தது என்ற சான்றிதழைத் தடிமனோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் அது வெறுங்காலைச் சுடும் அளவுக்குக் காயும். நிழல் இல்லாத இடத்தில், குறிப்பாகக் கறுப்பு ரப்பர் போடவே கூடாது என்பது என் கருத்து.

கம்பிக்கூண்டின் கீழ் மரச்சீவல், நுழைவிலிருந்து ஊஞ்சல் வரை நிழலில் ரப்பர், நடுவில் ஓடப் புல் என்று கலந்து போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. மெத்தான தரை ஒவ்வொரு கருவியையும் சுற்றி 6 அடியாவது இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும், அதை மாட்டியிருக்கும் மேல்கம்பியின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு.

இதையெல்லாம் இப்போதே சொல்லக் காரணம் உண்டு. 12 அங்குல நிரப்புக்கு முதலில் பள்ளம் எடுக்க வேண்டும், நீர் வடிய வழி வேண்டும், கம்பிகளின் அடித்தளமும் அதற்கேற்பக் கீழே இறங்க வேண்டும். கம்பியை நட்டபின் இவற்றைச் செய்ய முடியாது. அடுத்த கூட்டத்தில் கருவிகளுக்கு ஒப்புதல் தருவதற்கு முன் தரையை எடுத்துப் பேசுங்கள்.

அன்புடன்,
இங்கே விளையாடப் போகும் பிள்ளையின் தாய்