போர்ட் எங்க செய்தா என்ன மச்சான்?

மச்சான்,

உன்ர மெசேஜ் வந்து ரெண்டு கிழமையாகுது, பதில் போடாததுக்குக் கோவிக்காத. அம்மாவுக்கு முழங்கால் நோ கூடி, லிஃப்டும் பழுதாகி, மூண்டாம் மாடியில இருந்து இறக்கி ஏத்துறதே என்ர வேலையாப் போச்சு. இப்ப பரவாயில்ல. நேத்து தானே வெள்ளவத்தை மாக்கெட்டுக்குப் போய் முருங்கைக்காய் விலை கேட்டுட்டு வந்து இரவு முழுக்க அரசாங்கத்தைத் திட்டினவ, அப்ப சுகம் எண்டுதான் அர்த்தம்.

சரி, உன்ர கதைக்கு வாறன். சிட்னி புருக்வேலில நீ அலையில சறுக்குற சர்ஃப் போர்ட் அடிப்பிக்கிற அந்தக் கிழவன்ர பட்டறையும் மூடிட்டாங்கள், இனி எல்லாம் தாய்லாந்து சைனா சாமான்தான், கைவேலை செத்துப்போச்சு எண்டு எழுதியிருந்தாய். கவலைதான். ஆனா அந்தக் கடைசி வசனம் எனக்குக் கொஞ்சம் குத்தினது மச்சான். 20 வருசமா கட்டுநாயக்காவில கார்மண்ட்ஸோட மாரடிக்கிறவன் நான், நீங்கள் அங்க இருந்து "வெளிநாட்டு ஃபக்டரி" எண்டு சொல்லுறது எங்களைத்தானே! ஒரு பிராவில வயர் போடுற இடத்தைத் தைக்கேக்க லைனில இருக்கிற பிள்ளை பெருவிரலால துணியை மெல்லமா ஒரு தள்ளுத் தள்ளும், அதில துளி பிசகினா தரம் பாக்கிற கியூசி திருப்பி எறியும், அந்தத் தள்ளைப் பழக ஆறு மாதம் வேணும். கடையில தொங்கேக்க அதுக்கு மெஷினில செய்த சாமான் எண்டுதான் பேர். தாய்லாந்தில சொன்புரிப் பக்கம் கோப்ரா எண்டொரு ஃபக்டரி இருக்கு, விண்ட்சர்ஃப் போர்ட்டில தொடங்கினவங்கள், பிறகு உலகத்தில கனக்க பிராண்டுக்குச் செய்து குடுக்கிற அளவுக்கு வந்திட்டாங்கள். அங்கயும் கண்ணாடி நார்த் துணியை விரிச்சு ரெசின் எண்ட பிசினைப் பூசுறது, அரத்தாள் போட்டுத் தேய்க்கிறது எல்லாம் மனிசர்தான். உன்ர கிழவன் மட்டும் என்ன, வெட்டுற வேலையைக் கம்ப்யூட்டர் மெஷினிட்டக் குடுத்திட்டுக் கடைசித் தேய்ப்பைத்தான் கையால செய்தவர் எண்டு நீதானே ஒருக்காச் சொன்னனீ?

2005 உனக்கு ஞாபகம் இருக்கோ? அந்த வருசம் ஜனவரியோட, எந்த நாடு எவ்வளவு உடுப்பு ஏத்துமதி செய்யலாம் எண்ட கோட்டா முடிஞ்சுது, சைனாக்காரன் எங்களை விழுங்கப் போறான், கட்டுநாயக்காவுக்குப் பூட்டுத்தான் எண்டு எல்லாரும் தலையில கை வைச்சம். அதே வருசம் டிசம்பர் 5, திங்கக்கிழமை, கலிபோர்னியாவில கிளார்க் ஃபோம்காரன் ஏழு பக்க ஃபேக்ஸ் ஒண்டை அனுப்பிப்போட்டுக் கடையைச் சாத்திட்டான். போர்ட்டுக்கு உள்ள இருக்கிற அந்த ஃபோம் கட்டை, பிளாங்க் எண்டுறது, அமெரிக்காவில முக்கால்வாசிக்கு மேல அவன்ரதான். ஒரு கிழமையில விலை ஏறி போர்ட்டைச் செதுக்கிற ஷேப்பர்மார் கட்டைக்கு அலைஞ்சிருக்கினம். அந்த இடைவெளியிலதான் எபொக்சி எண்ட வேற வகை ரெசினும் தாய்லாந்தும் நல்லா உள்ளுக்க வந்தது. கூலி குறைவு எண்டது மட்டுமில்ல, ஒரே ஆளில எல்லாரும் தொங்கிக்கொண்டு இருந்ததும்தான் காரணம். நாங்கள் சாகேல்ல, சாதா டீசேர்ட்டை விட்டிட்டு உள்ளாடை, ஸ்போர்ட்ஸ் உடுப்பு எண்டு கஷ்டமான சாமானுக்குப் போனம். உன்ர ஆக்களும் அப்பிடித்தான் தப்புவினம் எண்டு நினைக்கிறன், சும்மா கடையில தொங்கிற சைஸ் போர்ட் இனி அவைக்கு இல்ல, உன்ர நிறையும் உன்ர கடலும் தெரிஞ்சு செய்யிற போர்ட்டை சொன்புரியில இருக்கிறவன் எப்பிடிச் செய்வான்?

எனக்குக் கவலை வேற. அந்தப் பட்டறையில தூசி கூட்டின பெடியன்தான் பிறகு தேய்ப்பான், பத்து வருசத்தில ஷேப்பராவான். பட்டறை மூடினா அந்த ஏணியே போயிடும். அதில உன்னோட சண்டை இல்ல.

போன மாதம் மகனோட கிழக்கில அலைக்குப் பேர்போன அறுகம்பைக்குப் போனனான். இரவு பஸ்ஸில போய் முதுகு போச்சு, அது வேற கதை. ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பெடியனிட்ட செக்கண்ட் ஹாண்ட் போர்ட் ஒண்டு வாங்கிக் குடுத்தன், மேல பெரிசா "டிசைன்ட் இன் அவுஸ்திரேலியா", வால்பக்கம் எறும்பு எழுத்தில "மேட் இன் தாய்லாந்து", எங்கட லேபல் மாதிரியே. மூண்டாம் நாள் கல்லில அடிச்சு விரல் போற அளவு ஓட்டை. பக்கத்தில ரிப்பேர் செய்யிற தம்பி ஒருத்தன், நல்ல கைகாரன், சுத்தி வெட்டிக் காயவைச்சு, ரெசினுக்கு ஹார்டனர் விட்டுக் கலக்கி ஊத்தினான். நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கவே உள்ள இருந்த வெள்ளை ஃபோம் தண்ணியில போட்ட சீனி மாதிரிக் கரையுது! அவன்ர ரெசின் பொலியெஸ்டர், பழைய மாதிரி ஃபோம் போட்ட போர்ட்டுக்குச் சரி. இதுக்குள்ள இருந்தது டிவிப் பெட்டிக்குள்ள வாற ரெஜிஃபோம் மாதிரி ஃபோம், எபொக்சி மட்டும்தான் தாங்கும். விரல் போன ஓட்டையில இப்ப முட்டி போகுது. ரிப்பேர்த் தம்பியின்ர முகம் செத்துப்போச்சு. காசு வேண்டாம் சேர் எண்டு திரும்பத் திரும்பச் சொன்னான், நான் குடுத்திட்டு வந்தன். மற்ற நாள் போய்ப் பாத்தா ரெசின் டின் ரெண்டில ரெண்டு கலர் பெயிண்ட் அடிச்சு வைச்சிருக்கிறான், வாற ஆளிட்ட முதல் கேள்வி, "பொலியா எபொக்சியா?"

இன்னொண்டு, உனக்குத் தெரியுமோ தெரியாது, உலகத்தில நல்ல விலைக்குப் போற கைட்டுகள், கடலில ஆளை இழுத்துக்கொண்டு போற பெரிய பட்டங்கள், கனக்க இலங்கையிலதான் தைக்கிறது. அதையே வெள்ளைக்காரர் காசு குடுத்து வாங்கிக்கொண்டு கல்பிட்டிக்கு வந்து பறக்கவிடுகினம். 2025ல டிரம்ப் எங்களுக்கு 44 வீதம் வரி எண்டு சொல்லி ஒரு மாதம் நித்திரை இல்ல, பிறகு அந்த வருசமே 20க்கு இறங்கினது, அப்ப தாய்லாந்துக்கு 19. அந்த ஒரு வீதத்துக்கு எங்கட ஒஃபிஸில நடந்த மீட்டிங்கை நீ பாத்திருக்க வேணும்.

டிசம்பரில வாறாய்தானே? அப்ப கிழக்கில சீசன் முடிஞ்சிடும், தெற்கில வெலிகமவுக்குப் போவம். போர்ட் கொண்டு வராத, பிளேனுக்கு அநியாயக் காசு. எபொக்சி ரிப்பேர் கிட் ரெண்டு கொண்டு வா, ஒண்டு மகனுக்கு, ஒண்டு அந்தத் தம்பிக்கு. கிழவனைக் கண்டா அவர் தேய்க்கப் பாவிச்ச கட்டையளை என்ன செய்யப் போறார் எண்டும் கேள்.

உன்ர,
கட்டையன்
வெள்ளவத்தை